இரண்டு சங்கிலிகள்

பசுவந்தனையில் பெரியம்மா வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி உண்டு. வீட்டில் நடந்த விசேஷங்களின் மொய் நோட்டுகள் அதற்குள் இருக்கும். சின்ன வயதில் கோடை விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் அந்த நோட்டுகளை எடுத்து வாசிப்பேன். கதைப் புத்தகம் கிடைக்காத ஊரில் அதுவும் ஒரு வாசிப்புதான். பெரியக்கா கல்யாண நோட்டில் ஒரே மாமாவின் பெயர் அடுத்தடுத்து ஏழு வரியில் வரும். தொகை மட்டும் மாறும்.

"இந்த மாமா ரொம்பப் பணக்காரரா பெரியம்மா? ஏழு தடவ மொய் எழுதியிருக்காரு" என்று கேட்டேன்.

பெரியம்மா சுளகைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "ஏய்யா, அன்னிக்கி அவரு ஒருத்தர்தான் அந்த ஊர்லருந்து வந்தாரு. வர முடியாத ஆறு வீட்டுக்காரவுகளும் அவரு கையிலதான் குடுத்துவிட்டாக. எழுத உக்காந்தவன் அவசரத்துல எல்லாத்தயும் அவரு பேர்லயே எழுதிட்டான். யாரு யாரு எவ்வளவுன்னு கேட்டுக் கேட்டுச் சரிபண்ண எனக்கு ரெண்டு வருசம் ஆச்சு."

இருபது வருஷம் கழித்து அதே தப்பை நானும் செய்தேன். என்னுடையது காகித நோட்டு இல்லை, உலகமே திறந்து பார்க்கக்கூடிய ஒரு நோட்டு. அதனால் கெட்டுப்போனது எங்கள் அண்ணனின் பெயர்.

*

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டத்தில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர். எங்கள் பக்கம் கடற்கரை அளவுக்கு இல்லையென்றாலும் கரிசலுக்கு அது தாங்காது. செம்மண் என்றால் தண்ணீர் இறங்கிவிடும். கரிசல் குடித்த தண்ணீரை விடாது, வாரக்கணக்கில் கால் வைக்க முடியாமல் சேறாகவே கிடக்கும். அண்ணன் போட்டிருந்த உளுந்தும் மக்காச்சோளமும் நின்ற நிலையிலேயே அழுகின. அண்ணன் என்றால் பெரியம்மாவின் மகன். என்னைவிட ஆறு வயது மூத்தவன். எனக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன்.

மழைக்குப் பிறகு அவனை யாரோ ஒரு டெலிகிராம் குழுவில் சேர்த்துவிட்டார்கள். அதில் ஒரு செயலி. டாலர் மதிப்புக்கு இணையாக வைக்கப்பட்ட டெதர் என்ற டிஜிட்டல் காசை அதில் போட்டால் தினமும் ஒன்றரை சதவீதம் ஏறும் என்றார்கள். 2024 பிப்ரவரியில் கையிலிருந்ததையும் கடன் வாங்கியதையும் சேர்த்து 1,60,000 ரூபாய்க்கு அண்ணன் டெதர் வாங்கினான். கோவில்பட்டியில் ஒரு நண்பன்தான் தன் கணக்கிலிருந்து அனுப்பிவைத்தான். சுமார் 1,750 டெதர். அது அண்ணனின் வாலட்டுக்கு வந்து அடுத்த நாளே செயலிக்குப் போனது. ஏப்ரலில் செயலி திறக்கவில்லை. குழுவும் காணாமல் போனது.

வீட்டில் சொல்லியழுதபோது அண்ணன் சொன்னது இவ்வளவுதான்: "ஒன்னரை லட்சத்துக்கு மேல போச்சு. முழுசும் போச்சு."

எனக்குச் சென்னையில் எண்களைப் பார்த்து முடிவு சொல்கிற வேலை. பத்து நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைத்தேன். பிளாக்செயின் என்பதே திறந்த கணக்கேடுதானே! ட்ரான் வலையமைப்பில் எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிக்கு, எந்த நொடியில், எவ்வளவு போனது என்பதை எக்ஸ்ப்ளோரர் என்ற இணையப் பக்கத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். யாராலும் அதை அழிக்கவும் முடியாது. ஆங்கில எழுத்து 'டி'யில் தொடங்கும் 34 எழுத்துகள் கொண்ட அண்ணனின் முகவரியை வாங்கி அதில் போட்டேன்.

நான் பார்த்தது இது. 1,750 டெதர் ஒரு முகவரிக்குப் போகிறது. சில நிமிடங்களில் அங்கிருந்து இன்னொன்றுக்கு. அங்கிருந்து மூன்றாவதாக ஒரு பெரிய முகவரிக்கு. அந்த மூன்றாவது முகவரியில் கோடிக்கணக்கில் பணம். ஒரே நாளில் ஆயிரக்கணக்கான பரிமாற்றங்கள். பெயர்ப்பட்டை எதுவும் இல்லை. கும்பலின் கஜானா இதுதான் என்று முடிவு செய்தேன்.

அடுத்து கண்ணில் பட்டதுதான் என்னை உலுக்கியது. மார்ச் 11ஆம் தேதி அதே கஜானாவிலிருந்து அண்ணனின் முகவரிக்கு 900 டெதர் வந்திருக்கிறது. அன்றைக்கே முன்பின் தெரியாத ஒரு முகவரி அவனுக்குக் கொஞ்சம் ட்ரான் காசு அனுப்பியிருக்கிறது. மறுநாள் அந்த 900-ம் வேறொரு புதிய முகவரிக்குப் போயிருக்கிறது.

திருடர்களிடமிருந்து பணம் வருகிறது. அவர்களோடு சேர்ந்த யாரோ கைச்செலவுக்கு அனுப்புகிறார்கள். வந்த பணம் ரகசியமாக இடம் மாறுகிறது. 'முழுசும் போச்சு' என்றவன் 900 டாலரை மறைத்திருக்கிறான். ஆள் சேர்த்ததற்குக் கமிஷனாக இருக்குமோ? ஊரில் இன்னும் மூன்று பேர் அதே செயலியில் பணம் போட்டவர்கள். அவர்களைச் சேர்த்துவிட்டது இவன்தானா?

ஸ்கிரீன்ஷாட் எடுத்து அம்புக்குறி போட்டேன். சிவப்பு, பச்சை, மஞ்சள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேராகப் பெரியம்மாவுக்குப் போன் போட்டேன்.

பெரியம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கணக்குல அப்பிடியா இருக்கு?" என்றாள்.

"ஆமா பெரியம்மா. கணக்கு பொய் சொல்லாது."

*

கணக்கு பொய் சொல்லவில்லை என்பது உண்மைதான். அந்த வரிகளில் ஒன்றுகூடத் தப்பில்லை. தப்பெல்லாம் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே நானாக எழுதிக்கொண்டதில் இருந்தது.

ஜூன் மாதம் ஊருக்குப் போயிருந்தேன். கைலாசநாதர் கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மதினியின் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் இருந்தது. பெரியம்மா ஏதோ கேட்க, மதினி உள்ளே போய் ஒரு சீட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். நகைக்கடன் ரசீது. சங்கிலி ஒன்று, இரண்டரைப் பவுன். கடன் 82,000 ரூபாய். தேதி 11.03.2024.

"ஒங்க அண்ணன் யார்ட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தாக. இப்ப ஊரே அவுகளத் திருடன்னு சொல்லுது. இனி எதுக்கு மறைக்கணும்?" என்றாள் மதினி.

நடந்தது இதுதான். மார்ச் தொடக்கத்தில் செயலியின் திரையில் அண்ணனின் பணம் 6,000 டாலராக வளர்ந்து நின்றது. எடுக்கப் போனால், வரியாக 15 சதவீதம், அதாவது 900 டாலர், முன்பணம் கட்டினால்தான் விடுவிப்போம் என்றார்கள். இப்படிப்பட்ட மோசடிகளில் இரண்டாவது வலை பெரும்பாலும் இப்படித்தான் விழும். கோவில்பட்டி நண்பனிடம் மறுபடி போக வெட்கம். தானே ஒரு எக்ஸ்சேஞ்சில் கணக்குத் தொடங்கி, சங்கிலியை அடகு வைத்து, அந்தப் பணத்தில் 901 டெதர் வாங்கித் தன் வாலட்டுக்கு எடுத்தான். ஒரு டெதர் கட்டணம் போக 900 வந்தது. அங்கிருந்து அனுப்ப ட்ரான் காசு வேண்டும், அது அவனிடம் இல்லை. டெலிகிராமில் 'மேடம்' என்று பேசிவந்த ஒருத்தி, "கவலைப்படாதீங்க, நான் போட்டுவிடுறேன்" என்று அனுப்பியிருக்கிறாள். மறுநாள் 900-ஐயும் அவள் கொடுத்த முகவரிக்கு அனுப்பிவிட்டான்.

எக்ஸ்சேஞ்ச் அனுப்பிய மின்னஞ்சல் அவன் போனில் அப்படியே இருந்தது. அதிலிருந்த ஹாஷ் எண்ணை என் ஸ்கிரீன்ஷாட்டோடு ஒப்பிட்டேன். ஒரே எண். நான் கும்பலின் கஜானா என்று சிவப்பு வட்டம் போட்டது அந்த எக்ஸ்சேஞ்சின் பொதுக் கல்லாப்பெட்டி. மோசடிக்காரர்கள் அண்ணனின் முதல் பணத்தைக் காசாக்கியதும் அதே எக்ஸ்சேஞ்சில்தான். அவர்கள் போட்டதும் அண்ணன் எடுத்ததும் ஒரே பெட்டியில். மாமாவின் பெயரில் ஏழு வரி மாதிரி.

சந்தேகம் தீர, அன்றிரவே அதே எக்ஸ்சேஞ்சில் நானும் ஒரு கணக்குத் தொடங்கினேன். சரிபார்ப்பு முடிய இரண்டு நாளானது. கொஞ்சம் டெதர் வாங்கி என் வாலட்டுக்கு எடுத்தேன். அனுப்பிய முகவரி: அதே கஜானா. என் பழைய தர்க்கப்படி நானும் இப்போது அந்தக் கும்பலில் ஒருத்தன்.

*

அதன் பிறகுதான் இந்த விஷயத்தை ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, நான் தனி ஆள் இல்லை என்று தெரிந்தது. அது பெரிய ஆறுதல் ஒன்றும் இல்லை.

முகவரி வேறு, ஆள் வேறு. முதலில் புரியவேண்டியது இது. ஒரு ஆளுக்கு நூறு முகவரி இருக்கலாம். ஒரு முகவரிக்குப் பின்னால் பத்து லட்சம் பேர் இருக்கலாம். எக்ஸ்சேஞ்சுக்குள் நாம் வாங்குவதும் விற்பதும் பிளாக்செயினில் பதிவாவதே இல்லை. அது அந்த நிறுவனத்தின் சொந்தக் கணக்கேட்டில் நடக்கிறது. போடும்போதும் எடுக்கும்போதும் மட்டும்தான் சங்கிலியில் தடம் விழும். ஆகவே 'திமிங்கலம் ஒன்று நகர்கிறது' என்று ட்விட்டரில் யாராவது அலறினால், அது ஒரு நிறுவனம் தன் இடது பையிலிருந்து வலது பைக்கு மாற்றியதாகவும் இருக்கலாம்.

2024 மே 28 அன்று அப்படித்தான் ஆனது. ஜப்பானில் 2014இல் திவாலான மவுண்ட் காக்ஸ் எக்ஸ்சேஞ்சின் முகவரிகளிலிருந்து ஏறக்குறைய 1,41,000 பிட்காயின்கள், அன்றைய மதிப்பில் 900 கோடி டாலருக்கு மேல், பல ஆண்டுகளுக்குப் பிறகு அசைந்தன. விற்கப் போகிறார்கள் என்ற பேச்சில் விலை சரிந்தது. உண்மையில், கடன்காரர்களுக்குத் திருப்பிக் கொடுப்பதற்கான ஏற்பாடாக ஒரு வாலட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றியிருந்தார்கள். அன்றைக்கு ஒன்றும் விற்கப்படவில்லை.

பிட்காயினில் இன்னொரு சிக்கல் உண்டு. அங்கே காசு நோட்டு மாதிரி முழுசாகத்தான் செலவாகும். 500 ரூபாய் நோட்டைக் கொடுத்து 20 ரூபாய்க்குக் கடலைமிட்டாய் வாங்கினால் 480 மிச்சம் வருகிறதல்லவா? அதுபோல 10 பிட்காயினாக இருக்கும் ஒன்றிலிருந்து ஒன்றைக் கொடுத்தால், மீதி 9 உங்களுடைய புதிய முகவரிக்கே திரும்பி வரும். வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு 10 பிட்காயின் நகர்ந்ததாகத் தெரியும். எது கொடுத்தது, எது மிச்சம் என்பதை அவன் ஊகிக்கத்தான் வேண்டும்.

ஊகங்களுக்கு விதிகள் உண்டு. ஒரே பரிமாற்றத்தில் பல முகவரிகளிலிருந்து காசு போனால் அவை ஒரே ஆளுடையதாக இருக்கவேண்டும் என்பது ஒரு விதி. 2008இல் வெளிவந்த பிட்காயின் வெள்ளை அறிக்கையிலேயே இந்தக் குறிப்பு இருக்கிறது. 2013இல் சாரா மைக்கல்ஜானும் அவரது சகாக்களும் இதையும் மிச்சக்காசு விதியையும் வைத்து முகவரிகளைக் கொத்துக் கொத்தாகப் பிரித்துக் காட்டினார்கள். அதே 2013இல், பல பேர் சேர்ந்து ஒரே பரிமாற்றமாக அனுப்பும் காயின்ஜாயின் முறையும் முன்வைக்கப்பட்டது. அதில் முதல் விதி உடைந்துவிடுகிறது. டவுன் பஸ்ஸில் சேர்ந்து ஏறியவர்கள் எல்லாம் ஒரே குடும்பம் என்று கண்டக்டர் நினைத்துக்கொண்டால் எப்படி?

இதெல்லாம் நீதிமன்றம்வரை போகிறது. பிட்காயின் ஃபாக் என்ற கலவைச் சேவையை நடத்தியதாக ரோமன் ஸ்டெர்லிங்கோவ் 2021இல் அமெரிக்காவில் கைதானார். முகவரிகளை அடையாளம் காட்டியதில் செயினாலிசிஸ் நிறுவனத்தின் மென்பொருளுக்கு முக்கியப் பங்கு இருந்தது. அதன் பிழை விகிதம் எவ்வளவு என்று ஆய்வு உண்டா எனக் கேட்டபோது, அப்படியொன்றைத் தான் அறியவில்லை என்றார் நிறுவனத்தின் நிபுணர். இருந்தும் நீதிபதி அந்தச் சான்றை அனுமதித்தார். மற்றச் சான்றுகளும் இருந்தன. 2024இல் ஜூரி அவரைக் குற்றவாளி என்றது. தீர்ப்பு சரியா தப்பா என்பதற்குள் நான் போகவில்லை. ஒரு மனிதனின் வருஷங்கள் தொங்கிக்கொண்டிருக்கும் இடத்தில்கூட 'இந்த ஊகம் எத்தனை முறை தப்பும்?' என்ற கேள்விக்குக் கையில் ஒரு எண் இல்லை. அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. அண்ணன் விஷயத்தில் நான் அந்தக் கேள்வியைக்கூடக் கேட்கவில்லை.

நம் நாட்டுக் கதைக்கு வருவோம். 2024 ஜூலை 18 அன்று வாசிர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சின் ஒரு வாலட்டிலிருந்து சுமார் 23 கோடி டாலர், ஏறக்குறைய 2,000 கோடி ரூபாய், திருடப்பட்டது. திருட்டு முழுக்கச் சங்கிலியில் தெரிந்தது. எந்தெந்த டோக்கன் போனது, எப்படி ஈத்தராக மாறியது, பிறகு டொர்னாடோ கேஷ் என்ற கலவைக்குள் எப்படி இறங்கியது, எல்லாவற்றையும் உலகமே உட்கார்ந்து பார்த்தது. இதைச் செய்தது வடகொரியா என்று அமெரிக்கா, ஜப்பான், தென்கொரியா மூன்றும் கூட்டாகச் சொன்னது 2025 ஜனவரியில். நோட்டில் வரி விழ சில நொடி போதும். அந்த வரிக்குப் பின்னால் இருக்கும் கையை அரசாங்கங்கள் உரக்கச் சொல்ல ஆறு மாதம் ஆகியிருக்கிறது.

அதிலும் சங்கிலி சொல்லாத ஒன்று இருந்தது. போனது ஈத்தரும் அதன் வலையமைப்பைச் சேர்ந்த டோக்கன்களும். எக்ஸ்ஆர்பி வைத்திருந்தவர்களின் காசு அதில் இல்லை. சங்கிலியை மட்டும் பார்த்தால் 'எக்ஸ்ஆர்பிக்காரர்களுக்குச் சேதமில்லை' என்றே முடிவு செய்யத் தோன்றும். ஆனால் எல்லாருடைய கணக்கையும் நிறுவனம் முடக்கியது. நஷ்டத்தை எல்லாருக்கும் பங்கிடும் திட்டமும் வந்தது. 3,532.30 எக்ஸ்ஆர்பி வைத்திருந்த ஒரு பெண் சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போனார். கிரிப்டோ காசு ஒரு சொத்து, அதை ஒருவருக்காக இன்னொருவர் அறக்கட்டளைபோல வைத்திருக்க முடியும் என்று 2025 அக்டோபரில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்பளித்தார். காசு எங்கே நகர்ந்தது என்பதைச் சங்கிலி சொன்னது. அது யாருடையது என்பதை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டியிருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். செயினாலிசிஸ் வெளியிடும் உலகக் கிரிப்டோ பயன்பாட்டுப் பட்டியலில் 2023, 2024, 2025 மூன்று ஆண்டும் இந்தியாதான் முதலிடம். சந்தோஷமாகப் பகிர்ந்தோம். ஆனால் பிளாக்செயின் முகவரியில் நாடு கிடையாது. அந்த முகவரிகளுக்குப் பின்னாலிருக்கும் சேவைகளின் இணையதளத்துக்கு எந்த நாட்டிலிருந்து எவ்வளவு பேர் வருகிறார்கள் என்பதை வைத்துத்தான் அவர்கள் நாடுவாரியாகப் பிரிக்கிறார்கள். 2022இல் இங்கே 30 சதவீத வரியும் 1 சதவீத டிடிஎஸ்ஸும் வந்தபின் பலர் வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுகளுக்குப் போனார்கள். 2024 ஜனவரியில் அவற்றில் பலவும் இங்கே முடக்கப்பட்டன. விபிஎன் போட்டு நுழைகிறவன் எந்த நாட்டுக் கணக்கில் சேர்வான்? தெரு ஓரம் நின்று செருப்புகளை எண்ணி ஊர் மக்கள்தொகை சொல்வது மாதிரிதான். சுமாராகச் சொல்லலாம். அந்தச் 'சுமாராக' என்ற சொல் தலைப்புச் செய்திக்கு வரும்போது உதிர்ந்துவிடுகிறது.

நோட்டில் வேண்டுமென்றே பொய்த் தடம் போடுபவர்களும் இருக்கிறார்கள். உங்கள் நண்பரின் முகவரியைப் போலவே முதல் சில எழுத்தும் கடைசி சில எழுத்தும் உள்ள ஒன்றை உருவாக்கி, அதிலிருந்து பூஜ்ஜியமோ துளியோ அனுப்பி உங்கள் வரலாற்றில் உட்கார்ந்துகொள்வார்கள். அடுத்த முறை அவசரத்தில் அதை நகலெடுத்தால் போச்சு. 2024 மே மாதம் ஒருவர் இப்படி ஏறக்குறைய 7 கோடி டாலர் மதிப்புள்ள காசை அனுப்பிவிட்டார். பிறகு அது பெரும்பாலும் திரும்பி வந்தது அவருடைய அதிர்ஷ்டம். இந்தப் பழக்கம் தெரியாமல் ஒருவரின் வரலாற்றைப் படித்தால், அவருக்குச் சம்பந்தமே இல்லாத முகவரிகளோடு அவர் கொடுக்கல் வாங்கல் வைத்திருந்ததாகத் தோன்றும்.

*

ஜூனில் அந்த ரசீதைப் பார்த்த மறுநாள் காட்டுக்குப் போனேன். அண்ணன் கோடை உழவு ஓட்டிக்கொண்டிருந்த டிராக்டர்காரருக்கு வரப்பில் நின்று கை காட்டிக்கொண்டிருந்தான். வெடித்துக் கிடந்த கரிசல் புரண்டு புரண்டு விழுந்தது. பக்கத்தில் போய் நின்றேன். என்ன பேசுவதென்று பஸ்ஸில் வரும்போதே யோசித்துவைத்த எதுவும் வரவில்லை.

"தப்பாப் பாத்துட்டேண்ணே" என்றேன்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. "நீ ஒன்னும் தப்பாப் பாக்கல. எல்லாத்தயும் சரியாத்தான் பாத்துருக்க. எந்தத் தேதி, எத்தன மணி, எவ்வளவு, எல்லாம் சரி. எங்கிட்ட மட்டும் ஒரு வார்த்த கேக்கல."

அதற்குப் பிறகு டிராக்டர் சத்தம்தான்.

1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் கொடுத்தோம். என் அம்புக்குறிகளை எல்லாம் அழித்துவிட்டு, ஹாஷ் எண், தேதி, தொகை, யார் சொல்லி அனுப்பினான் என்பதை மட்டும் எழுதினேன். எதெல்லாம் பதிவு, எதெல்லாம் என் ஊகம் என்று இரண்டு தனிப் பத்தியாகப் பிரித்தேன். ரொம்பத் தாமதமாகிவிட்டது, பணம் போன மறுநிமிஷமே கூப்பிட்டிருக்க வேண்டும் என்றார்கள். இதுவரை எதுவும் திரும்பவில்லை.

ஊரில் பணம் இழந்த மற்ற மூன்று பேர் வீட்டுக்கும் நானே போனேன். அண்ணன் கூட வரவில்லை, வரச்சொல்லவும் எனக்கு வாய் இல்லை. ரசீதைக் காட்டி, அந்த மின்னஞ்சலைக் காட்டி விளக்கினேன். இரண்டு வீட்டில் நம்பினார்கள். மூன்றாவது வீட்டுப் பெரியவர் கடைசிவரை கேட்டுவிட்டுச் சொன்னார்: "அன்னிக்கி நீதானப்பா கணக்கு பொய் சொல்லாதுன்னு ஒங்க பெரியம்மாகிட்டச் சொன்னியாம். இன்னிக்கி வேற சொல்லுத. நாங்க எந்தக் கணக்க நம்ப?"

எனக்குப் பதில் இல்லை. அவருடைய கேள்வியில் நியாயம் இருக்கிறது.

போன தைக்கு மக்காச்சோளம் போட்டதில் கொஞ்சம் கையில் நின்றது. அண்ணன் வட்டியைக் கட்டி ரசீதைப் புதுப்பித்திருக்கிறான். மதினியின் சங்கிலி இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது. என்னோடு பேசுகிறான், பழைய மாதிரி இல்லை. பெரியம்மா மட்டும் நான் போகும்போதெல்லாம் பரணைக் காட்டி, "அந்த நோட்ட எடுத்து இன்னொருக்க வாசிய்யா" என்கிறாள். சிரித்துக்கொண்டுதான் சொல்கிறாள். நானும் ஏணியை எடுத்துப் போடுகிறேன்.